பார்த்து வரையப் பழகுவோம்

ஓவியம் என்பது பிறவியிலேயே வர வேண்டிய வரம் என்று நம்மில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். "எனக்கு ஒரு கோடுகூட நேராக வராது" என்று சொல்லிக்கொள்வதில் சிலருக்குப் பெருமைகூட உண்டு. ஆனால் நம் ஔவையார் சித்திரத்தைக் கைப்பழக்கத்தோடுதான் சேர்த்துச் சொன்னார். நட்பு, இரக்கம், ஈகை போன்றவற்றையே பிறவிக் குணங்கள் என்று ஒதுக்கினார். பள்ளியில் மனப்பாடம் செய்து ஒப்பித்த அந்தப் பாட்டின் பொருளை நாம் அவ்வளவாக யோசித்துப் பார்ப்பதில்லை.

பழக்கம் என்றால் எந்தப் பழக்கம்? மனம் போன போக்கில் தாளை நிரப்புவதா? உலகெங்கும் ஓவியம் கற்பித்தவர்கள் பல நூற்றாண்டுகளாகச் சொல்லிவரும் பதில் ஒன்றுதான். முன்னோர் செய்த சிறந்த படங்களையும் சிற்பங்களையும் எதிரில் வைத்துக்கொண்டு, அளந்து, பொறுமையாக, நாள் தவறாமல் பார்த்து வரைவதுதான் அது. அந்தப் பழக்கத்தைப் பற்றியும், நம் பெங்களூரில் இருந்துகொண்டே அதை எப்படித் தொடங்கலாம் என்பதைப் பற்றியும் சில செய்திகளைப் பகிர்ந்துகொள்கிறேன்.

காப்பி அடிப்பது ஆகுமா?

பிரேசர் டவுனில் எங்கள் வீட்டு மாடியில் ஞாயிற்றுக்கிழமை காலைகளில் ஏழெட்டுப் பேர் கூடி வரைகிறோம். பணி ஓய்வு பெற்ற வங்கி ஊழியர் ஒருவர், இரண்டு இல்லத்தரசிகள், கல்லூரி மாணவர் ஒருவர், எட்டாம் வகுப்புப் படிக்கும் ஒரு சிறுமி, இப்படிப் பல வயதினர். ஆசிரியர் என்று யாரும் கிடையாது. ஒரு பழைய படத்தை நடுவில் வைத்துவிட்டு எல்லோரும் அதைப் பார்த்து வரைவோம்.

ஒருநாள் அந்தச் சிறுமியை அழைத்துப் போக வந்த தாத்தா, அவள் வரைந்திருந்ததைப் பார்த்தார். "நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் சார், காப்பி அடிக்கக் கற்றுக்கொடுக்கலாமா? சொந்தமாக ஏதாவது வரையச் சொல்லக்கூடாதா?" என்று கேட்டார். பேத்தியின் முகம் வாடிவிட்டது. நியாயமான கேள்விதான். பரீட்சையில் பக்கத்துப் பையனின் தாளைப் பார்த்து எழுதுவதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்று பெரியவருக்குச் சொல்லியாக வேண்டியிருந்தது.

அவர் சங்கீதப் பிரியர். ஆகவே, "பாட்டு வகுப்பில் சேர்ந்த குழந்தையை முதல் நாளே சொந்தமாக ஒரு கீர்த்தனை பாடு என்று யாராவது சொல்வார்களா?" என்று கேட்டேன். புரந்தரதாசர் வகுத்துக் கொடுத்த சரளி வரிசையையும் ஜண்டை வரிசையையும் பல நூறு ஆண்டுகளாகத் தலைமுறை தலைமுறையாக அப்படியே பாடி வருகிறோம். அதை யாரும் காப்பி என்று சொல்வதில்லை, சாதகம் என்கிறோம். ஓவியத்துக்கும் சாதகம் உண்டு.

அவ்வளவு தூரம் போவானேன்? நம் வீட்டு வாசலையே பார்க்கலாம். கோல நோட்டைப் பார்த்துப் புள்ளி வைத்துப் பழகிய பெண்தான் பத்து வருஷம் கழித்து நோட்டு இல்லாமல் புதுக்கோலம் போடுகிறாள். எங்கள் குழுவில் முதல் மாதத்திலேயே மற்றவர்களை முந்திக்கொண்டு போனவர், கோலம் போட்டுக் கை பழகிய ஓர் அம்மையார்தான். இத்தனைக்கும் பென்சில் பிடித்து நாற்பது வருஷம் ஆகிவிட்டது என்று சொல்லிக்கொண்டு வந்தவர் அவர்.

அஜந்தா குகைக்குள் ஒரு வகுப்பு

பார்த்து வரைவதன் பயனுக்கு நம் நாட்டிலேயே மிகச் சிறந்த எடுத்துக்காட்டு ஒன்று இருக்கிறது. அஜந்தாச் சுவரோவியங்களைப் படியெடுத்தவர்களின் கதை அது.

1844ஆம் ஆண்டு, சென்னைப் படையைச் சேர்ந்த ராபர்ட் கில் என்ற அதிகாரியை இந்த ஓவியங்களைப் படியெடுக்கக் கிழக்கிந்தியக் கம்பெனி நியமித்தது. ஆண்டுக்கணக்கில் அங்கேயே தங்கி, பெரிய பெரிய துணிகளில் அவர் எண்ணெய் வண்ணத்தில் வரைந்தார். லண்டனுக்கு அனுப்பப்பட்ட அந்தப் படங்களில் பெரும்பாலானவை 1866இல் சிட்டன்ஹாம் கிரிஸ்டல் பேலஸில் நடந்த தீ விபத்தில் எரிந்து போயின. பிறகு பம்பாய் ஓவியப் பள்ளியின் ஜான் கிரிஃபித்ஸ் தம் மாணவர்களோடு 1872 முதல் 1885 வரை மறுபடியும் படியெடுத்தார். அவற்றிலும் பல, லண்டன் சவுத் கென்சிங்டனில் 1885இல் ஏற்பட்ட தீயில் அழிந்தன. இரண்டு தலைமுறை உழைப்பு இரண்டு தீயில் போயிற்று. ஆனால் கிரிஃபித்ஸிடம் வேலை செய்த மாணவர்களின் கையில் ஏறிய பழக்கத்தை எந்தத் தீயும் தொட்டிருக்க முடியாது.

மூன்றாவதாக வந்தவர் கிறிஸ்டியானா ஹெரிங்ஹாம் என்ற ஆங்கிலப் பெண்மணி. 1909 முதல் 1911 வரை குளிர்காலங்களில் அஜந்தாவில் முகாமிட்டு அவர் இந்த வேலையைச் செய்தார். அவருக்கு உதவியாக அவனீந்திரநாத் தாகூரின் மாணவர்கள் கல்கத்தாவிலிருந்து வந்தார்கள். நந்தலால் போஸ், அசித் குமார் ஹால்தார், சமரேந்திரநாத் குப்தா, கே. வெங்கடப்பா என்ற நால்வர்.

இந்த அம்மையாரைப் பற்றிக் குறிப்பிட வேண்டிய செய்தி ஒன்று உண்டு. இத்தாலிய ஓவியர் சென்னினோ சென்னினி எழுதிய பழைய ஓவியக் கையேடு ஒன்றை 1899இல் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தவர் இவர்தான். அந்தக் கையேடு மாணவனுக்குச் சொல்லும் அறிவுரை என்ன தெரியுமா? சிறந்த ஆசான் ஒருவரைத் தேர்ந்துகொள், அவருடைய படைப்புகளையே தொடர்ந்து பார்த்து வரை, இன்று ஒருவர் நாளை ஒருவர் என்று தாவாதே, ஒருநாள்கூட வரையாமல் இராதே என்பதுதான். சுமார் 600 ஆண்டுகளுக்கு முந்திய இந்த இத்தாலிய அறிவுரையை மொழிபெயர்த்த கைதான் அஜந்தாவில் நம் மாணவர்களோடு சேர்ந்து படியெடுத்தது.

அந்த நால்வரில் வெங்கடப்பா நமக்கு மிகவும் பக்கத்தவர். மைசூர் அரண்மனை ஓவியர் குடும்பத்தில் பிறந்தவர். மகாராஜா நான்காம் கிருஷ்ணராஜ உடையாரின் உதவியோடு கல்கத்தா சென்று படித்தவர். பின்னர் பெங்களூரிலேயே வாழ்ந்து 1965இல் மறைந்தார். கஸ்தூர்பா சாலையில் உள்ள வெங்கடப்பா ஓவியக்கூடம் அவர் பெயரில் அமைந்ததுதான். அஜந்தாவில் கோடு கோடாகப் படியெடுத்த அவர் பிற்காலத்தில் வரைந்து புகழ்பெற்றவை எவை? ஊட்டி, கொடைக்கானல் மலைக் காட்சிகள்! மூடுபனியும் யூகலிப்டஸ் மரமும் நீலமலையின் ஒளியும் நிறைந்த நீர்வண்ண ஓவியங்கள். அஜந்தாவின் சாயல் அவற்றில் சிறிதும் இல்லை. நந்தலால் போஸும் அப்படித்தான். 1938இல் ஹரிபுரா காங்கிரஸ் மாநாட்டுக்காக அவர் வரைந்த படங்களில் கிராமத்துக் கொல்லனும் உழவனும் வாத்தியக்காரனும் நாட்டுப்புறப் பாணியில் துள்ளுகிறார்கள். நம் அரசியல் சட்டத்தின் மூலக் கையெழுத்துப் பிரதியைச் சித்திரங்களால் அலங்கரித்தவரும் அவரும் அவர் மாணவர்களும்தான். பார்த்து வரைந்ததால் இவர்களுடைய சொந்தக் கற்பனை கெட்டுப்போகவில்லை. கற்பனை சொன்னதைச் செய்யும் கை கிடைத்தது.

நம் பேட்டைக்கும் அஜந்தாவுக்கும் வேடிக்கையான ஒரு தொடர்பு இருக்கிறது. பிளேக் நோய்க்குப் பிறகு 1910இல் புதிய குடியிருப்பாக உருவான பிரேசர் டவுன், அப்போதைய பிரிட்டிஷ் ரெசிடெண்ட் ஸ்டூவர்ட் பிரேசரின் பெயரைத் தாங்கியது. இன்றைய அதிகாரபூர்வப் பெயரோ புலிகேசி நகர். அஜந்தாவின் முதல் குகையில் அயல்நாட்டார் அரசனைக் காண வருவதுபோல் ஒரு காட்சி உண்டு. இரண்டாம் புலிகேசி பாரசீகத் தூதுவரை வரவேற்கும் காட்சி அது என்று 19ஆம் நூற்றாண்டு ஆய்வாளர்கள் கருதினார்கள். பிற்கால ஆய்வாளர்கள் பலர் அதை ஏற்கவில்லை. புலிகேசியோடு போரிட்ட நம் மகேந்திர பல்லவனுக்கோ 'சித்திரகாரப்புலி' என்றே ஒரு பட்டம். இந்தப் பகையையும் அஜந்தா வண்ணத்தின் இரகசியத்துக்காக ஏங்கும் ஆயனச் சிற்பியையும் வைத்துத்தான் கல்கி 'சிவகாமியின் சபதம்' எழுதினார். ஆக, புலிகேசி நகரில் உட்கார்ந்து அஜந்தாவைப் பார்த்து வரைவது பொருத்தமான காரியம்தான்.

கோயில் கோயிலாக ஒரு பென்சில்

தமிழ்நாட்டில் இதற்கு ஒப்பாகச் சொல்ல வேண்டியவர் 'சில்பி' அவர்கள். சீனிவாசன் என்பது இயற்பெயர். 1919இல் நாமக்கல்லில் பிறந்தவர். சென்னை ஓவியப் பள்ளியில் பயின்றவர். 1850இல் அலெக்சாண்டர் ஹண்டர் என்ற டாக்டர் தொடங்கிய அந்தப் பள்ளிக்கு 1929இல் தேவி பிரசாத் ராய் சௌத்ரி முதல் இந்தியத் தலைவராக வந்தார். அந்த மரபில் பழகி, ஆனந்த விகடனில் சேர்ந்த இளைஞருக்குச் 'சில்பி' என்று பெயர் சூட்டியவர் ஓவியர் மாலி. 'தென்னாட்டுச் செல்வங்கள்' என்ற தொடரில் ஆண்டுக்கணக்கில் நம் கோயில் சிற்பங்களை அவர் வரைய, தேவன் அவற்றுக்கு விளக்கம் எழுதினார்.

அந்தப் படங்களைக் கையில் ஒரு பூதக்கண்ணாடியோடு பார்க்க வேண்டும். எண்ணெய்ப் பிசுக்கும் இருட்டும் சேர்ந்து கல்லே கறுப்பாகத் தெரியும் இடத்தில், கேமராவுக்கு எட்டாத மணிச்சரமும் ஆடை மடிப்பும் விரல் நகமும் அவர் கோடுகளில் தெளிவாக இருக்கும். கோயிலிலேயே சிற்பத்துக்கு எதிரில் உட்கார்ந்து பார்த்துப் பார்த்து வரைந்ததால் வந்த தெளிவு அது. அவர் கற்பனையில் எதையும் சேர்க்கவில்லை. பார்த்ததை வரைந்தார். ஆனால் அவரைப்போல் பார்த்தவர்கள் எத்தனை பேர்?

மயிலாப்பூரில் வாழ்ந்த எஸ். ராஜம் (1919-2010) மற்றொரு உதாரணம். சங்கீத வித்வானும் ஓவியருமான அவர் அஜந்தா, சித்தன்னவாசல் மரபை ஆழ்ந்து கற்று, அந்தக் கோட்டையும் வண்ணத்தையும் தமக்கே உரிய பாணியாக்கிக்கொண்டார். சங்கீத மும்மூர்த்திகளின் உருவம் என்று இன்று நம் மனத்தில் இருப்பது பெரும்பாலும் அவர் கொடுத்ததுதான்.

இதில் இன்னொரு பயனும் உண்டு. சித்தன்னவாசலின் தாமரைக் குளமும் ஆடல் மகளிரும் ஆண்டுக்காண்டு மங்கிக்கொண்டே வந்திருக்கின்றன. மூலம் மங்கும்போது, கவனமாகப் படியெடுத்த கையின் சாட்சிதான் நமக்கு மிஞ்சுகிறது.

ஒரு பாடப் படத்தொகுப்பும் ஒரு முரட்டு மாணவரும்

மேல்நாட்டில் இந்தப் பயிற்சியை ஒழுங்கான பாடமாகவே அச்சிட்டார்கள். பிரெஞ்சு ஓவியர் சார்ல் பார்க், ஜெரோம் என்ற பேர்பெற்ற ஓவியரின் துணையோடு 1860களின் பிற்பகுதியில் தொடங்கி 197 கல்லச்சுப் படங்கள் கொண்ட ஓவியப் பாடத்தை வெளியிட்டார். அது மூன்று பாகம் கொண்டது. முதல் பாகத்தில் பழைய சிலைகளின் பிளாஸ்டர் வார்ப்புகள். கண், காது, பாதம் என்று தனித்தனி உறுப்புகளில் தொடங்கி முழு உருவம் வரை போகும். இரண்டாவதில் ஹோல்பைன் போன்ற பழைய மேதைகளின் கோட்டோவியங்கள். மூன்றாவதில் உயிருள்ள மனித உருவத்தைக் கரிக்கோலால் வரைவதற்கான முன்மாதிரிகள்.

இந்தப் பாடத்தை முழுமூச்சாகப் பயின்ற ஒருவரின் பெயர் உங்களுக்கு நன்றாகத் தெரியும். வின்சென்ட் வான்கா! 1880இல் தம் 27ஆவது வயதில், பெல்ஜியத்து நிலக்கரிச் சுரங்கப் பகுதியில் வசித்தபோது, ஓவியராவது என்று முடிவு செய்ததும் அவர் முதலில் செய்த காரியங்களில் ஒன்று, பார்க்கின் படங்களைக் கடன் வாங்கிப் பார்த்து வரைந்ததுதான். ஒரு தடவை அல்ல, திரும்பத் திரும்ப வரைந்தார். புகழ்பெற்ற சூரியகாந்திப் பூக்களை வரைந்து முடித்த பிறகும், 1890இல், தம் கடைசி ஆண்டில், அதே பாடப் படங்களை மறுபடி எடுத்து வைத்துக்கொண்டு வரைந்தார். மில்லே என்ற ஓவியரின் உழவர் படங்களையும் அப்போது வண்ணத்தில் படியெடுத்தார். பெத்தோவனின் இசையை வாசிப்பவர் அதில் தம் மனத்தையும் கலந்துதானே வாசிக்கிறார், நானும் அதைத்தான் செய்கிறேன் என்ற பொருளில் தம்பிக்குக் கடிதம் எழுதினார். நான் அந்தத் தாத்தாவிடம் சொன்ன சங்கீத உவமை எனக்கு முன்பே ஒரு டச்சுக்காரருக்குத் தோன்றிவிட்டது!

தண்டவாளத்தில் கற்ற கணக்கு

இரயில்வேயில் வேலை பார்த்தவர்களுக்கு இந்தப் பயிற்சியின் உள்மர்மம் எளிதில் விளங்கும். டிப்ளமோ படிக்கும்போதே நில அளவையில் முதல் விதியாக ஒன்றைச் சொல்லிக்கொடுப்பார்கள். முழுமையிலிருந்து பகுதிக்குப் போ, பகுதியிலிருந்து முழுமைக்குப் போகாதே என்பது. அதாவது முதலில் எல்லையைச் சுற்றிச் சில புள்ளிகளை மிகத் துல்லியமாக நிறுவ வேண்டும். பிறகுதான் உள்ளே இருப்பதை அளக்க வேண்டும். ஒரு மூலையில் தொடங்கித் துண்டு துண்டாக அளந்துகொண்டே போனால், ஒவ்வொரு துண்டிலும் வரும் சிறு பிழை சேர்ந்து சேர்ந்து கடைசியில் பெரிய பிழையாகிவிடும்.

புதிதாக வரைபவர் எல்லோரும் அந்த இரண்டாவது வழியில்தான் போகிறார்கள். முதலில் ஒரு கண்ணை அழகாக முடிப்பார்கள். பிறகு அதிலிருந்து மூக்கு, மூக்கிலிருந்து வாய். காதுக்கு வரும்போது தலையில் இடம் இருக்காது. நடராஜர் என்றால் தூக்கிய திருவடிக்குத் தாள் போதாது. குற்றம் கையில் இல்லை, அளந்த வரிசையில் இருக்கிறது.

வளைவும் அப்படியே. இரயில் பாதையின் வளைவைச் சரிபார்க்க அதன்மேல் 20 மீட்டர் நாண் ஒன்றை இழுத்துப் பிடித்து, நடுவில் நாணுக்கும் தண்டவாளத்துக்கும் உள்ள இடைவெளியை அளப்பது வழக்கம். 1,000 மீட்டர் ஆரமுள்ள வளைவில் அது 50 மில்லிமீட்டர் இருக்கும். வளைவைக் கண்ணால் மதிப்பிடுவது கடினம், நேர்கோட்டிலிருந்து அது எவ்வளவு விலகுகிறது என்று பார்ப்பது எளிது. பார்க்கின் பாடமும் இதையே செய்கிறது. கன்னத்தின் வளைவை மூன்று நான்கு நேர்கோடுகளாக முதலில் வெட்டிக்கொள்ளச் சொல்கிறது. அதன் பிறகே வளைவு.

நம் சிற்ப சாஸ்திரமும் முழுமையில்தான் தொடங்குகிறது. முழு உயரத்தைத் தாளங்களாகவும் அங்குலங்களாகவும் பிரித்த பிறகே முகத்துக்கு வருகிறது. உத்தம தசதாள உருவத்துக்கு மொத்தம் 124 அங்குலம், நவதாளத்துக்கு 108 என்று கணக்கு உண்டு. இங்கே அங்குலம் என்பது கடை ஸ்கேலில் உள்ள அங்குலம் அல்ல, அந்தந்த உருவத்தின் உயரத்தைப் பிரித்து எடுக்கும் அளவு. ஸ்தபதியின் பிள்ளை உளி பிடிப்பதற்கு முன் இந்தக் கணக்கில் வரைந்து பழகுகிறான்.

எப்படித் தொடங்குவது?

செலவு அதிகம் இல்லை. கார்ட்ரிட்ஜ் தாள், எச்பி, 2பி, 4பி பென்சில்கள், ஒரு ரப்பர், ஒரு நூல். நூலின் நுனியில் ஒரு நட்டைக் கட்டினால் தூக்குக்குண்டு தயார். வரிசை இதுதான்:

1. ஒரு நல்ல படத்தைத் தேர்ந்தெடுத்து, தாளுக்குப் பக்கத்தில் அதே உயரத்தில் நிமிர்த்தி வையுங்கள். முதலில் முழு உருவம் வேண்டாம். ஒரு கை, ஒரு பாதம், ஒரு முகம் போதும்.

2. படத்தின் மேல் எல்லை, கீழ் எல்லை இரண்டையும் தாளில் குறியுங்கள். நடுவில் செங்குத்துக்கோடு ஒன்று போடுங்கள். இந்த எல்லைகளை இனி எக்காரணம் கொண்டும் மாற்றக்கூடாது.

3. நூலைத் தொங்கவிட்டு, எந்தப் புள்ளிக்கு நேர் கீழே எது வருகிறது என்று பாருங்கள். மூக்கு நுனிக்குக் கீழே கட்டைவிரல் வருகிறதா, முழங்கால் வருகிறதா? மனம் ஒன்று சொல்லும், நூல் வேறு சொல்லும். நூலை நம்புங்கள்.

4. வெளிவடிவத்தை நேர்கோடுகளால் மட்டும் கட்டுங்கள். கைக்கும் இடுப்புக்கும் நடுவில் உள்ள காலி இடத்தையும் ஓர் உருவமாக நினைத்து வரைந்து பாருங்கள். கை தானே சரியாகிவிடும்.

5. நிழல் எங்கே தொடங்குகிறது என்று ஒரு மெல்லிய எல்லைக்கோடு போடுங்கள். அதற்கு உட்பட்டதை ஒரே சீராக நிரப்புங்கள். நடுத்தர நிழல்கள் அதற்குப் பிறகுதான். கண் இமையும் நகையும் கடைசி நாள் வேலை.

6. முடிந்ததும் இரண்டையும் தலைகீழாக வைத்தோ கண்ணாடியில் காட்டியோ ஒப்பிடுங்கள். ஒளிந்திருந்த கோணல்கள் வெளியே வரும். டிரேசிங் தாளைச் சரிபார்க்க மட்டும் பயன்படுத்தலாம். அதை வைத்துத் தடம் எடுத்தால் கைக்கு வேலை கிடைக்கும், கண்ணுக்குக் கிடைக்காது.

7. மறுநாள் மூலத்தை மூடி வைத்துவிட்டு நினைவிலிருந்து வரையுங்கள். பிரான்சில் லெகோக் என்ற ஆசிரியர் 19ஆம் நூற்றாண்டில் இந்த நினைவுப் பயிற்சியை ஒரு முறையாகவே வகுத்தார். சிற்பி ரோடின் அவருடைய மாணவர்.

நாளைக்கு அரை மணி நேரம் போதும். ஐந்து படங்களை ஒரே வாரத்தில் முடிப்பதைவிட ஒரே படத்துக்கு ஐந்து நாள் கொடுப்பது நல்லது. ஒவ்வொரு தாளிலும் தேதி போடுங்கள். பிடிக்கவில்லை என்று கிழிக்காதீர்கள். மூன்று மாதம் கழித்து அதே படத்தை மறுபடி வரைந்து, பழைய தாளின் பக்கத்தில் வையுங்கள். எங்கள் வங்கி நண்பர் கை நடுக்கத்தோடு வந்தவர். நடுக்கம் இன்னும் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் கோட்டை எங்கே போட வேண்டும் என்பது அவருக்கு இப்போது தெரியும். நடுங்கிய கோடு சரியான இடத்தில் விழுந்தால் படம் நிற்கிறது. உறுதியான கோடு தவறான இடத்தில் விழுந்தால் நிற்பதில்லை.

எதைப் பார்த்து வரைவது?

பார்க்கின் படங்கள் 2003இல் மறுபதிப்பாக வந்தன. சில்பியின் படங்களும் விகடன் பிரசுரமாகத் தொகுக்கப்பட்டுள்ளன. அஜந்தா, சித்தன்னவாசல், காஞ்சி கைலாசநாதர் கோயில், 1931இல் நாயக்கர் கால ஓவியப் பூச்சுக்கு அடியில் கண்டுபிடிக்கப்பட்ட தஞ்சைப் பெரிய கோயில் சோழர் ஓவியங்கள் ஆகியவற்றின் தெளிவான படங்கள் நூல்களில் உள்ளன. தமிழருக்கு வேறு செல்வம் என்ன வேண்டும்?

நேரில் பார்க்க விரும்பினால் நம் அல்சூர் சோமேஸ்வரர் கோயில் இருக்கிறது. இராவணன் கயிலையைத் தூக்குவதும், கிரிஜா கல்யாணமும், நம் நாயன்மார்களும் அங்கே கல்லில் இருக்கிறார்கள். காலை வெயிலில் ஒரு முறையும் சாயங்கால வெயிலில் ஒரு முறையும் ஒரே சிற்பத்தைப் பாருங்கள். நிழல் இடம் மாறும்போது முகமே மாறிவிடும். கஸ்தூர்பா சாலை அரசு அருங்காட்சியகத்தின் தொகுப்பில் உள்ள ஹொய்சளச் சிற்பங்களும் பேகூர் வீரக்கல்லும் பயிற்சிக்கு அருமையானவை. யானையும் குதிரையும் வீரரும் நெருக்கியடிக்கும் அந்தப் போர்க்களத்தை ஒரு மாதம் வரையலாம். எங்கே போனாலும், திறந்திருக்கிறதா என்று முன்கூட்டியே விசாரித்து, உட்கார்ந்து வரைய அனுமதி கேட்டுக்கொண்டு தொடங்குவது நல்லது.

வாரத்தில் ஒருநாள் மட்டும் மூலம் எதுவும் வேண்டாம். வீட்டு டம்ளரையோ, வாசலில் கிடக்கும் செருப்பையோ, தெருவில் நிற்கும் ஆட்டோவையோ வரையுங்கள். ஆறு நாள் கற்ற கண் ஏழாம் நாள் தானே அளக்கும். சொந்தப் படம் எப்போது என்ற கேள்விக்கு இதுதான் விடை. அதற்கென்று ஒரு நாள் குறிக்க வேண்டியதில்லை, அது கூடவே வந்துகொண்டிருக்கும்.

நேர்மையைப் பற்றியும் ஒரு வார்த்தை. பார்த்து வரைந்த படத்தின் கீழே 'இன்னாருடைய ஓவியத்தைப் பார்த்து' என்று எழுதிவிட்டுத்தான் கையெழுத்திட வேண்டும். பாரிஸ் லூவர் அருங்காட்சியகம் 1793 முதல் ஓவியர்களை உள்ளே உட்கார்ந்து படியெடுக்க விடுகிறது. ஆனால் மூலத்தின் அதே அளவில் வரையக்கூடாது என்பது அங்கே விதி. கற்பது வேறு, ஏமாற்றுவது வேறு. அந்தத் தாத்தாவிடமும் இதைத்தான் சொன்னேன். பேத்தி அன்று தன் படத்தின் ஓரத்தில் சிறிய எழுத்தில் 'சில்பி அவர்களைப் பார்த்து' என்று எழுதிவிட்டு, அதற்குக் கீழே தன் பெயரைப் பெரிதாக எழுதினாள். பெரியவர் சிரித்துவிட்டார். இப்போது அவரும் சில வாரங்களில் ஓர் ஓரமாக உட்கார்ந்து வரைகிறார்.

இன்று கைப்பேசியிடம் வாயால் சொன்னாலே நொடியில் ஒரு படம் வந்து நிற்கிறது. அப்படியிருக்க, ஒரு விரலை ஐந்து நாள் வரைவானேன் என்று இளைஞர்கள் கேட்கலாம். படம் வேண்டும் என்றால் கைப்பேசி போதும். பார்க்கும் கண் வேண்டும் என்றால் அதற்கு வேறு வழி இல்லை. ஒரு சிற்பத்தை ஐந்து நாள் பார்த்து வரைந்தவர் அந்தக் கோயிலுக்கு அடுத்த முறை போகும்போது, அதன் முன்னால் நடந்து போய்விட மாட்டார், நின்றுவிடுவார்.

சுவர் இருக்கும்போதே சித்திரம் எழுத வேண்டும் என்பார்கள். கண்ணும் கையும் இருக்கும்போது தொடங்கிவிடுவோம். வயது ஒரு தடை அல்ல. இன்று இரவு சாப்பாட்டுக்குப் பிறகு ஓர் அரை மணி நேரம், ஒரு தாள், ஒரு பென்சில். மேல் எல்லை, கீழ் எல்லை, நடுக்கோடு. முதல் பாடம் அவ்வளவுதான்.